மூழ்கிய பழங்கப்பலில் இருந்து பொருள் எடுப்பது தப்பா?

கேள்வி: "சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் பழைய கப்பல் ஒன்றின் சரக்கைப் பார்த்தேன். தனியார் நிறுவனம் எடுத்து விற்ற சரக்கு என்பதால் அமெரிக்காவில் இதைக் காட்சிக்கு வைக்க எதிர்ப்பு வந்ததாமே? கடலுக்கடியில் யார் கண்ணிலும் படாமல் அழிவதைவிட, எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது நல்லதுதானே? இதில் என்ன தப்பு?"

எடுப்பதில் தப்பில்லை. விற்றுச் செலவை எடுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கோடு எடுப்பதில்தான் தப்பு. நீங்கள் பார்த்த அந்தக் கப்பலை வைத்தே இதை விளக்கலாம். இரண்டு பக்க நியாயமும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட கப்பல் அது.

சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் நடுவில் பெலிதுங் என்று ஒரு இந்தோனேசியத் தீவு இருக்கிறது. 1998-இல் அங்கே கடலட்டை எடுக்க மூழ்கியவர்கள் கண்ணில், கிட்டத்தட்ட 17 மீட்டர் ஆழத்தில், பானை சட்டி மேடு ஒன்று பட்டது. அதன் கீழே இருந்தது 9-ஆம் நூற்றாண்டுக் கப்பல். பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்கவில்லை, துளை போட்டுக் கயிற்றால் தைத்திருந்தார்கள். சீனத்து முறை அல்ல அது. அரபிக்கடல் பக்கத்துத் தச்சு. (நம் கரைக்கும் இந்தத் தையல் புதிதில்லை. சென்னையில் துறைமுகம் கட்டும் முன்பு, கப்பலில் வந்த ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்த மசூலாப் படகுகள் கயிற்றால் தைத்தவைதான்.) உள்ளே இருந்த சரக்கோ கிட்டத்தட்ட முழுக்கச் சீனத்துச் சரக்கு. ஏறக்குறைய 60,000 பொருட்கள், பெரும்பாலும் சாங்ஷா சூளைகளில் சுட்ட கிண்ணங்கள். தங்கக் கோப்பை, வெள்ளிப் பெட்டி, வெண்கலக் கண்ணாடி எல்லாம் உண்டு. ஒரு கிண்ணத்தில் தேதியே பொறித்திருந்தது: 826-ஆம் ஆண்டுக்குச் சமமான சீன ஆண்டு. மேற்கிலிருந்து கப்பல்கள் நேராகச் சீனா வரை போய்வந்தன என்று ஏடுகளில் மட்டும் படித்துக்கொண்டிருந்ததற்கு, கையால் தொடக்கூடிய முதல் சான்று இதுதான்.

இப்படி ஒரு புதையல் வெளியே வந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். 1998 மே மாதம்தான் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ பதவி இறங்கினார். அந்நாட்டு நாணயமான ரூபியா தரைமட்டத்துக்குப் போயிருந்தது, ஊரெல்லாம் கலவரம். கடலுக்கடியில் அகழாய்வு செய்ய அரசிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. தனியார் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து, கிடைப்பதில் பங்கு வாங்கிக்கொள்வது அன்றைய அந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டதுதான். அந்த வழியில் ஜெர்மானியரான தில்மன் வால்டர்ஃபாங் நடத்திய சீபெட் எக்ஸ்ப்ளோரேஷன்ஸ் நிறுவனம் வேலையைத் தொடங்கியது. 1998-இல் சில வாரங்கள் அவசர அவசரமாக எடுத்தார்கள். பருவமழை வந்து வேலை நின்ற இடைவெளியில் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். 1999-இல் மைக்கேல் ஃபிளெக்கர் என்ற கடல் தொல்லியலாளர் பொறுப்பேற்று, மிச்சமிருந்ததையும் கப்பலின் உடலையும் அளந்து பதிவு செய்தார். சரக்கு நியூசிலாந்துக்குப் போய்ப் பல ஆண்டுகள் பதப்படுத்தப்பட்டது. 2005-இல் கிட்டத்தட்ட 3.2 கோடி அமெரிக்க டாலருக்குச் சிங்கப்பூர் வாங்கியது.

2011-இல் சிங்கப்பூரில் பெரிய கண்காட்சி நடந்தது. அடுத்து வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் சாக்லர் காட்சிக்கூடத்துக்குப் போவதாக ஏற்பாடு. அமெரிக்கத் தொல்லியல் அமைப்புகள் ஒன்று சேர்ந்து எதிர்த்தன. வணிகத்துக்காக எடுத்ததை நாட்டின் முதன்மையான அருங்காட்சியகமே மேடையேற்றினால், நாளை மூழ்கிய கப்பல்களில் பொருள் எடுத்து விற்கும் எல்லா மீட்பு நிறுவனங்களுக்கும் அது சான்றிதழ் ஆகிவிடும் என்பது அவர்கள் வாதம். அந்த ஆண்டு இறுதியில் ஸ்மித்சோனியன் பின்வாங்கியது. ஆனால் 2017-இல் நியூயார்க்கில் ஆசியா சொசைட்டி அதே பொருட்களில் ஒரு பகுதியைக் காட்சிக்கு வைத்தது. அறிஞர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை என்பது இதிலிருந்து தெரியும்.

சரி, எதிர்த்தவர்கள் எதை இழப்பு என்கிறார்கள்? கிண்ணங்கள்தான் பத்திரமாக இருக்கின்றனவே?

அந்தக் கிண்ணங்கள் கப்பலில் எப்படி இருந்தன என்று பாருங்கள். இடுப்பளவு உயரப் பெரிய ஜாடிகளுக்குள், ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்த்து, சுருள் சுருளாக அடுக்கியிருந்தார்கள். ஒரே ஜாடிக்குள் நூற்றுக்கும் மேல். அலையில் ஆடினாலும் உடையாத அடுக்கு அது. ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன் ஏதோ ஒரு துறைமுகத்தில் சரக்குக் கட்டியவர்களின் கைவேலை. கிண்ணத்தை மட்டும் தனியே எடுத்துக் கழுவி ஏலத்தில் வைத்திருந்தால் அந்தக் கைவேலை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அதே கப்பலில் அன்னாசிப்பூ கிடைத்தது. மை அரைக்கும் கல்லும், எலும்பில் செய்த தாயக்கட்டையும் கிடைத்தன. அன்னாசிப்பூ விற்கப் போன சரக்கா, மாலுமிகள் சமையலுக்கு வைத்திருந்ததா? தாயம் ஆடியது வணிகரா, படகோட்டியா? இதற்கெல்லாம் பதில் அந்தப் பொருளுக்குள் இல்லை. கப்பலின் எந்த மூலையில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் இருக்கிறது. முதல் பருவத்தின் அவசரத்தில் அந்த இடக்குறிப்பு சரியாகப் பதிவாகவில்லை என்பதுதான் பெலிதுங் விஷயத்தில் முக்கியக் குற்றச்சாட்டு. எடுத்த பிறகு அதை மறுபடி அளக்க வழியே கிடையாது.

பதிவு செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் இந்தக் கப்பலே சாட்சி. ஃபிளெக்கர் குறித்துவைத்த அளவுகளை அடிப்படையாக வைத்து ஓமானில் அதேபோல் ஒரு கப்பலைக் கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். "ஜுவல் ஆஃப் மஸ்கட்" என்று பெயர். 2010-இல் மஸ்கட்டிலிருந்து கிளம்பி, கொச்சி, இலங்கையின் காலித் துறைமுகம் வழியாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. சந்தையில் ஒரு காசுக்கும் விலை போகாத பலகைகளை நின்று நிதானமாக அளந்ததால் கிடைத்தது அது.

விலை போகிற பொருள், விலை போகாத பொருள் என்ற இந்தப் பிரிவில்தான் என் முழு வாதமும் இருக்கிறது. நடுக்கடலில் ஒரு கப்பலை நிறுத்தி, முக்குளிப்பவர்களை இறக்கி வேலை வாங்க ஒவ்வொரு நாளும் பெரும் செலவு. அந்தப் பணத்தைப் போட்ட முதலீட்டாளர் திரும்பக் கேட்பார். அப்போது கீழே இருப்பவர் ஒரு மணி நேரத்தைத் தங்கக் கோப்பைக்குச் செலவிடுவாரா, மக்கிய கயிற்று முடிச்சை வரைவதற்கா? ஆள் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பிரச்சினையில்லை. ஃபிளெக்கர் போல அக்கறையான ஆட்கள் அந்தத் துறையில் உண்டு. ஆனால் பணம் வரவேண்டிய வழி ஏலம்தான் என்று ஆகிவிட்டால், கடலடியில் முடிவெடுப்பது ஏலப் பட்டியல்தான்.

அது முற்றிப்போனால் எப்படி இருக்கும் என்பதற்கு கெல்டர்மால்சன். ஒல்லாந்தர் கம்பெனிக் கப்பல். சீனாவின் கான்டன் துறைமுகத்திலிருந்து தேயிலையும் பீங்கானும் தங்கமும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது 1752 ஜனவரியில் இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகள் பக்கத்தில் பாறையில் மோதி மூழ்கியது. 1985-இல் மீட்புத் தொழில் செய்த மைக்கேல் ஹாட்சர் அதைக் கண்டுபிடித்து, சுமார் ஒன்றரை லட்சம் பீங்கான்களையும் நூற்றுக்கும் மேற்பட்ட தங்கக் கட்டிகளையும் எடுத்தார். 1986-இல் ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டீஸ் ஏலம் விட்டது. சீன அரசு இரண்டு பீங்கான் நிபுணர்களை 30,000 டாலரோடு அனுப்பியது. விலை ஏறிய வேகத்தில் அவர்களால் ஒரு தட்டுகூட வாங்க முடியவில்லை, வெறுங்கையோடு திரும்பினார்கள். அடுத்த ஆண்டே சீனா தன் சொந்தக் கடலடித் தொல்லியல் பிரிவைத் தொடங்கியது. ஏலத்தில் போன பீங்கான்கள் இன்று ஆயிரக்கணக்கான வீடுகளின் அலமாரிகளில் சிதறிக் கிடக்கின்றன. கப்பல் எப்படிக் கட்டப்பட்டது, எப்படி உடைந்தது, உள்ளே யார் எங்கே இருந்தார்கள் என்பதையெல்லாம் முறையாக ஆராயும் வாய்ப்பு அந்த வேகத்திலேயே போய்விட்டது. இதோடு ஒப்பிட்டால் பெலிதுங் சரக்கைச் சிதறவிடாமல் ஒரே தொகுப்பாக வாங்கிய சிங்கப்பூருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

மீட்பு நிறுவனங்களிடம் ஒரு பலமான வாதம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் போவது நேர்மையாகாது. "ஒரே மாதிரி ஐம்பதாயிரம் கிண்ணம் ஆராய்ச்சிக்கு எதற்கு? மாதிரிக்குச் சில நூறை வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றால் செலவும் ஈடாகும், மக்கள் கைக்கும் வரலாறு போய்ச் சேரும்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சாங்ஷா கிண்ணங்கள் அச்சில் வார்த்தவை அல்ல. ஒவ்வொன்றிலும் தூரிகையால் விறுவிறு என்று பூ, பறவை, மேகம் என்று கையால் வரைந்திருக்கிறார்கள். எத்தனை கை வரைந்தது, எத்தனை சூளையில் வெந்தது, ஒரு சூளையின் சரக்கு எந்தெந்த ஜாடிக்குள் போனது என்றெல்லாம் ஆராய வேண்டுமென்றால் முழுத் தொகுப்பும் வேண்டும். அதோடு, நாளைக்கு என்ன கேள்வி வரும் என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும்? பானைச் சுவரில் ஊறிய எண்ணெயை வைத்து உள்ளே என்ன இருந்தது என்று இன்று சொல்கிறார்கள். ஏலத்துக்காகப் பளபளவென்று தேய்த்துக் கழுவிய பானையில் அந்தத் தடயத்தைத் தேட முடியுமா?

தொகுப்பைப் பிரிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டால் போதாதா என்று கேட்கலாம். டைட்டானிக்கில் அதைச் செய்து பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான பொருட்களை எடுத்த நிறுவனத்துக்கு, தனித்தனியாக விற்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடுதான் அமெரிக்க நீதிமன்றம் உரிமை கொடுத்தது. அந்த நிறுவனத்தின் தாய் நிறுவனம் 2016-இல் திவாலுக்கு மனு போட்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகங்கள் சேர்ந்து வாங்க முயன்றும் நடக்கவில்லை. 2018-இல் ஒரு முதலீட்டுக் குழு 1.95 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. நிபந்தனை இன்னும் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஏறத்தாழ 1,500 பேர் இறந்த ஒரு கப்பலின் பொருட்கள் திவால் வழக்கில் சொத்துக் கணக்காக வந்து நின்றன. அது எனக்கு உறுத்துகிறது.

இறந்தவர்கள் பேச்சு வந்ததால் மெர்சிடிஸ் கப்பலையும் சொல்ல வேண்டும். 1804 அக்டோபர் 5. போர்ச்சுகல் கரைக்கு அப்பால் ஆங்கிலேயர் தாக்கியதில் இந்த ஸ்பானியப் போர்க்கப்பல் வெடித்துச் சிதறியது. சுமார் 250 பேர் இறந்தார்கள். தியேகோ தெ ஆல்வேயர் என்ற அதிகாரி அன்று பக்கத்துக் கப்பலில் இருந்தார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் மெர்சிடிஸில். மூத்த மகன் ஒருவன் மட்டும் அப்பாவோடு இருந்ததால் பிழைத்தான். 2007-இல் ஒடிசி மரைன் என்ற அமெரிக்க நிறுவனம் அங்கிருந்து ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்களை, 17 டன் எடைக்கு, அள்ளி ஃபுளோரிடாவுக்கு விமானத்தில் கொண்டுபோனது. ஸ்பெயின் வழக்குப் போட்டது. போர்க்கப்பல் எத்தனை காலம் ஆனாலும் அந்த நாட்டுக்கே சொந்தம் என்று தீர்ப்பாகி, 2012-இல் அத்தனை நாணயமும் ஸ்பானிய ராணுவ விமானங்களில் திரும்பிப் போனது. சட்டப்படி முடிந்த கதை. ஆனால் அந்த வெள்ளி ஆண்டிஸ் மலைச் சுரங்கங்களில் தோண்டியது, லிமாவில் நாணயமாக அடித்தது. பெரு நாடும் உரிமை கேட்டது, கிடைக்கவில்லை. கொடி யாருடையது என்று நீதிமன்றம் பார்த்தது. தோண்டியவன் யார் என்பதைப் பார்க்கும் சட்டம் இன்னும் வரவில்லை.

அப்படியானால் எதையும் தொடாமல் அப்படியே விட்டுவிடலாமா? யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கையைப் பலர் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 100 ஆண்டுக்கு மேல் நீருக்கடியில் இருந்தவற்றை வணிகத்துக்காக எடுக்கக் கூடாது என்று அது சொல்வது உண்மை. இருந்த இடத்திலேயே பாதுகாப்பதை முதல் வழியாக யோசியுங்கள் என்றும் சொல்கிறது. ஒரே வழி என்று சொல்லவில்லை. நல்ல காரணமும் நிதியும் ஆளும் இருந்தால் அகழாய்வு செய்யலாம். முதலில் விட்டுவைக்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. கப்பல் மூழ்கிய முதல் சில பத்தாண்டுகளில்தான் அலையும் கப்பல் புழுவும் பெருமளவு தின்றுவிடும். அதன்பின் சேற்றுக்குள் புதைந்த பகுதிக்குக் காற்று போகாது. நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே கிடக்கும். நீங்கள் நினைக்கிற மாதிரி அது தினம் தினம் கரைந்துகொண்டிருப்பதில்லை. பல நேரம் நாம் போய்க் கிளறுவதுதான் அழிவைத் தொடங்கிவைக்கிறது.

ஆனால் காவல் இல்லாமல் விட்டுவைப்பதும் கைவிடுவதும் ஒன்றுதான். 1942 பிப்ரவரியில் ஜாவா கடல் போரில் மூழ்கிய டி ராய்ட்டர், ஜாவா என்ற இரண்டு டச்சுப் போர்க்கப்பல்களை 2002-இல் கண்டுபிடித்துக் குறித்துவைத்தார்கள். 75-ஆம் ஆண்டு நினைவுக்காக 2016-இல் போய்ப் பார்த்தால், கடல் தரையில் கப்பல் கிடந்த பள்ளம் மட்டும் இருந்தது. கார்டனார் என்ற மூன்றாவது கப்பலிலும் பெரும்பகுதி காணோம். 900-க்கும் மேற்பட்டவர்களின் கல்லறையை இரும்பு விலைக்கு அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள்.

எடுத்தால் அதன் பிறகு வரும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆயிரம் ஆண்டு உப்புநீரில் ஊறிய பானையை வெயிலில் காயவைத்தால், உள்ளே ஏறிய உப்பு பூத்து, மெருகைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். நல்ல தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, உப்பின் அளவைச் சோதித்துக்கொண்டே மாதக்கணக்கில் வைக்க வேண்டும். மரம் இன்னும் மோசம். நீர்தான் அதன் வடிவத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். 1961-இல் சுவீடனின் ஸ்டாக்ஹோமில் தூக்கிய வாசா கப்பலுக்கு மெழுகு போன்ற ஒரு ரசாயனக் கரைசலை 17 ஆண்டுகள் தெளித்தார்கள். அப்படியும் 2000-இல் மரத்துக்குள் அமிலம் உருவாவது தெரியவந்து இன்றுவரை வைத்தியம் நடக்கிறது. 1982-இல் தூக்கிய இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பலில் தெளிப்பை நிறுத்தியது 2013-இல். இவை இரண்டும் பணக்கார நாடுகளின் கப்பல்கள். இலங்கையில் காலித் துறைமுகத்தில் 1659-இல் மூழ்கிய அவொன்ஸ்டர் கப்பலை உள்ளூர்க் குழு மிக நேர்த்தியாக அகழ்ந்தது. 2004 டிசம்பர் சுனாமி அவர்களுடைய ஆய்வுக்கூடத்தையே அடித்துக்கொண்டு போய், எடுத்த பொருட்களில் பலவும் மறுபடி கடலுக்குப் போயின. அந்தக் குழுவின் மேல் எந்தப் பழியும் இல்லை. ஆனால் மேலே கொண்டுவந்துவிட்டால் பத்திரம் என்று பேசுபவர்கள் காலியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்திலும் இது வெறும் பேச்சு இல்லை. பூம்புகாருக்கு அப்பால், ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில், தேசியக் கடலாய்வு நிறுவனம் ஒரு கப்பலைக் கண்டறிந்தது. அதில் ஈயப் பாளங்கள். சிலவற்றில் டபிள்யூ. பிளாக்கெட் என்ற பெயரும் 1792 என்ற ஆண்டும் பொறித்திருந்தன. பிளாக்கெட் என்பது வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கங்கள் வைத்திருந்த குடும்பம். அந்த எழுத்தை வைத்துத்தான் கப்பலின் காலத்தையே சொல்ல முடிகிறது. அதே பாளம் காயலான் கடைக்குப் போனால் கிலோ இவ்வளவு என்று உருக்கிவிடுவார்கள். இலங்கையின் தென்கரையில் கொடவாய பக்கம் கிடக்கும் கப்பல் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது. கண்ணாடிக் கட்டிகளும் அரைக்கும் கற்களும் அதன் சரக்கு. அதையும் முதலில் பார்த்துச் சொன்னவர்கள் உள்ளூர் முக்குளிப்பவர்கள்தான். பெலிதுங்கிலும் அப்படியே. எனவே கடலில் இறங்கிப் பிழைப்பவர்களுக்கு, கண்டதைச் சொன்னால் நல்ல வெகுமதியும் மரியாதையும் கிடைக்க வேண்டும். சொன்னால் போலீஸ் கேள்வி, சொல்லாமல் விற்றால் காசு என்ற நிலையை வைத்துக்கொண்டு மீனவர்களைக் குறை சொல்வது அநியாயம். தகவலுக்குப் பணம் கொடுப்பதையும் பொருளுக்குப் பணம் கொடுப்பதையும் நான் ஒன்றாகப் பார்க்கவில்லை. முதலாவதில் கப்பல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அந்தக் காட்சிக்கூடத்துக்கு இன்னொரு முறை தாராளமாகப் போய்ப் பாருங்கள். எடுத்தாகிவிட்டது, வாங்கியாகிவிட்டது. இனி மறைத்து வைப்பதால் யாருக்கும் லாபமில்லை. ஆனால் "மூழ்கிய கப்பலில் கிடைத்தது, சான்றிதழ் உண்டு" என்று இணையத்தில் விற்கும் கிண்ணத்தை வாங்காதீர்கள். அடுத்த கப்பலைக் கிளறுவதற்கான முதலீடு அந்தப் பணத்திலிருந்துதான் போகிறது. கரையோர ஊர்க்காரர் என்றால், வலையில் ஏதாவது சிக்கும்போது காயவைக்காமல் அது வந்த கடல்நீரிலேயே மூழ்க வைத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்ட வேண்டாம், அதற்கடியில் எழுத்து இருக்கலாம்.